சுட்டவர் தேடிப் போகாத பன்றி

அடி அண்ணாமலைக்கு வந்து சகாதேவன் வீடு எது என்று கேட்டால், எந்தச் சகாதேவன் என்று திருப்பிக் கேட்பார்கள். துப்பாக்கிக்காரர் என்று சொன்னால் போதும். கிரிவலப் பாதையோரம் இளநீர் வெட்டுகிறவர்கூட அரிவாளை நீட்டி வழி காட்டிவிடுவார்.

அந்தத் துப்பாக்கி அவருடைய அப்பா காலத்தில் வீட்டுக்கு வந்தது. அப்பா முனிரத்தினம் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட முதலாளிக்கு ஜீப் ஓட்டியவர். முதலாளி தோட்டத்தை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போகும்போது, முறைப்படி பேர் மாற்றி அதை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்குப் பிறகு பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் சகாதேவன் பேருக்கு மாறியது. மற்றத் துப்பாக்கிகளைப் போல நீளமாக இருக்காது. குழல் ஒரு சாண் குட்டை. விசைக்குக் கீழே கை நுழைகிற அளவுக்கு ஓர் இரும்பு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே துள்ளி விழும், புதுத் தோட்டா உள்ளே ஏறும். சடக், சடக் என்று இரண்டு சத்தம். அந்தச் சத்தத்தில் சகாதேவனுக்கு ஒரு மயக்கமே உண்டு. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கிற இடத்தில் போலீஸ்காரர்கள் சுற்றி நின்று, "அந்த வளையத்தை ஒரு தபா இழுத்துக் காட்டுங்களேன்" என்பார்கள். அவரும் தோட்டா இல்லாமல் இழுத்துக் காட்டுவார். அன்றைக்கெல்லாம் அவர் நடையே வேறாக இருக்கும்.

உண்மையில் அவர் சுட்டு வீழ்த்தியது மிகக் கொஞ்சம். வாலிபத்தில் அப்பாவோடு போய் இரண்டொரு முயல், ஒரு பன்றி. அந்தப் பன்றியையும் முதலில் சுட்டது அப்பாதான். பிறகு சட்டம் இறுகியது. தோட்டாவும் கிடைக்காமல் போயிற்று. அந்த அளவுத் தோட்டா இப்போது எந்தக் கடையிலும் இல்லை, அப்பா விட்டுப்போன பெட்டியில் மிஞ்சியிருந்த பழசு மட்டும்தான். காட்டோரம் இருக்கும் கொல்லை நிலத்தில் பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒன்று போடுவார், கூட்டம் கலைந்து ஓடும், அவ்வளவுதான். ஆனால் ஊரார் வாயில் அவர் பெரிய வேட்டைக்காரராகிவிட்டார். டீக்கடையில் யாராவது, "ஜவ்வாது மலையில ஒரே வெடியில ரெண்டு பன்னி சாச்சீங்களாமே" என்று கேட்டால், ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். மீசையைத் தடவிக்கொண்டு டீயைக் குடிப்பார். அறுபதை நெருங்கும் வயதுவரை அப்படியே ஓடிவிட்டது.

அந்தப் புரட்டாசியில் நிலக்கடலை, ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, நன்றாக விளைந்திருந்தது. செடியைப் பிடுங்கிப் பார்த்தால் கொத்துக் கொத்தாகக் காய். மோப்பம் பிடித்துப் பன்றிகளும் வர ஆரம்பித்தன. ஒரே ராத்திரியில் நான்கு வரிசை உழுதுபோட்டது மாதிரி கிளறிவிட்டுப் போயின. சகாதேவனின் மனைவி பச்சையம்மாள் பழைய சேலைகளைக் கிழித்துக் கொல்லையைச் சுற்றிக் கட்டினாள். பன்றிகள் அதையும் சேர்த்து மிதித்துவிட்டுப் போயின.

அந்த வாரம் மகள் நந்தினியும் மாப்பிள்ளை பிரகாஷும் லீவுக்கு வந்திருந்தார்கள். பிரகாஷுக்கு ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை. நல்ல பையன், வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. மாமனார் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவதை உட்கார்ந்து பார்த்தவன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"மாமா, இது நெஜமாவே சுடுமா? இல்ல, ஊரை மெரட்ட வெச்சிருக்கீங்களா?"

"இதைப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?"

"இல்ல மாமா, நானும் கல்யாணம் ஆன நாளா பாக்கறேன். வானத்தைத்தான் சுடறீங்க. வானத்துல பன்னி இருக்குதா?"

நந்தினி உள்ளேயிருந்து, "சும்மா இருங்க" என்று அதட்டினாள். சகாதேவன் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் மழை மேகம் கட்டி, பொழுது சாய்வதற்கு முன்பே மங்கல் விழுந்துவிட்டது. மாமனாரும் மருமகனும் கொல்லைக்குப் போனார்கள். பன்றிகளும் அன்றைக்குச் சீக்கிரமே இறங்கியிருந்தன. காட்டோரம் உண்ணிச்செடிப் புதரை ஒட்டி, முதுகு மயிர் சிலிர்க்க, பெரிதாக ஒன்று தலையைக் குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. பிரகாஷ் செல்போனை எடுத்து உயர்த்திப் பிடித்தான்.

"மாமா, கொம்பன் மாமா," என்று கிசுகிசுத்தான்.

லைசென்ஸ் எதற்கு என்பது சகாதேவனுக்கு நன்றாகத் தெரியும். சத்தம் போட்டு விரட்டலாம், உயிர்மேல் குறி வைக்கக் கூடாது. வளையத்தைத் தள்ளி இழுத்தபோதுகூட வானத்தைப் பார்த்துத்தான் போடப் போகிறோம் என்று நினைத்திருந்தார். குழல் மெல்லத் தாழ்ந்தது. அதைத் தாழ்த்தியது தன் கைதான் என்று பின்னாளில் அவர் தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டார்.

வெடித்தது. பன்றி அலறியது. பின்பக்கம் தரையில் விழுந்து, எழுந்து, இழுத்துக்கொண்டு புதருக்குள் பாய்ந்தது. மற்றவை நாலாபக்கமும் சிதறின.

"பட்டுடுச்சி மாமா! பட்டுடுச்சி!" பிரகாஷ் குதித்தான். "வாங்க, உள்ள போயி பாக்கலாம்."

மல்லாட்டை இலைகள்மேல் ரத்தம் தெறித்திருந்தது. குனிந்து பார்த்த சகாதேவனுக்கு முதலில் வந்தது பெருமைதான். அதை மறைக்க முடியாது. அடுத்த கணமே புதரைப் பார்த்தார். அடிபட்ட பன்றியை அப்படியே விட்டுவிட்டு வரக் கூடாது. துப்பாக்கி பிடித்தவன் எவனுக்கும் தெரிந்த முதல் விஷயம் அது. ஆனால் உள்ளே இருட்டு, முள். அது எங்கே படுத்துக்கொண்டு காத்திருக்கிறதோ. அவருக்குப் பயமாக இருந்தது. மருமகன் எதிரே அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"இருட்டிப்போச்சி. காலையில வந்து பாத்துக்கலாம்."

காலையில் மழை கொட்டியது. மழை விட்டதும் போகலாம் என்றார். மழை விட்டபோது, வனத்துறை ஆட்கள் யாராவது சுற்றிக்கொண்டிருப்பார்கள், மத்தியானம் போகலாம் என்றார். மத்தியானம் மகளும் மருமகனும் பஸ் ஏறினார்கள். வழியனுப்பிவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

"பன்னி எந்தப் பக்கம் போச்சின்னு பாத்தியா?" என்று பச்சையம்மாள் கேட்டாள்.

"மலை ஏறிப் போயிருக்கும். எங்கனா செத்துப் பூடும்."

"செத்துச்சான்னு பாத்துட்டு வந்து சொல்லேன்."

"போறேன்" என்றார். போகவில்லை.

மூன்றாம் நாள் காலை, வெயில் ஏறுகிற நேரம், பக்கத்துக் கொல்லை வரப்பிலிருந்து ஓர் அலறல் கேட்டது. சகாதேவன் அப்போது மோட்டார் கொட்டகையில் இருந்தார். குரல் யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது. தமிழ்செல்வி. அவருடைய பங்காளி வீட்டு மருமகள், முறைக்கு அவருக்கும் மருமகள்தான். புருஷன் ஓசூரில் மேஸ்திரி வேலையில் இருந்தான். அவள் இங்கே இரண்டு கறவை மாடுகளை வைத்துக்கொண்டு, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் இருக்கிற காபிக் கடைகளுக்குத் தினமும் சைக்கிளில் பால் ஊற்றி வந்தாள். புல் அறுக்க அந்த வரப்புக்கு வருவாள்.

அவர் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் வரப்பில் மல்லாந்து கிடந்தாள். வலது தொடை பின்பக்கம் கிழிந்து தொங்கியது. புதர் ஆடிக்கொண்டிருந்தது. அவர் துண்டை உருவித் தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டினார். அவளை அப்படியே இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு சேற்று வரப்பில் ஓடினார். அந்த வயதில் அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். ரோட்டில் ஊர்ப் பையன் இளவரசனுடைய லோடு ஆட்டோ நின்றது. அவளை அதில் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க அவள் கண்ணை மூடவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள், காலையும் காப்பாற்றினார்கள். ஆனால் உள்ளே நரம்பு அறுந்துபோயிருந்தது. பாதம் இனிமேல் தானாகத் தூக்காது, இழுத்துத்தான் நடக்க வேண்டும் என்றார்கள். அதைக் கேட்டபோது சகாதேவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்தவர்கள், சொந்த மகளுக்குப் போல மனுஷன் துடிக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

வனக்காவலர் அன்பரசன் விசாரிக்க வந்தார். முப்பதைத் தாண்டாத இளைஞர், மரியாதையாகப் பேசுகிறவர்.

"பெரியவரே, பன்னி சும்மா பகல்ல வந்து பாயாது. ஏதாச்சும் அடிபட்டிருந்துச்சா? உங்க கொல்லில வெடிச் சத்தம் கேட்டதா சொல்றாங்களே?"

"வானத்தைப் பாத்து ஒண்ணு போட்டேங்க. வெரட்டறதுக்கு."

"எது மேலயும் படலியே?"

"இல்லீங்க."

அவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல். அன்பரசன் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் பைக் கண்ணுக்கு மறைகிறவரை சகாதேவன் வாசலில் நின்றார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அந்தப் பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் அலைமோதியது. ஊர்ப் பையன்கள் பந்தல் போட்டு அன்னதானம் செய்தார்கள். முன்னால் நின்று நடத்தியது இளவரசன். அவன் மைக்கைப் பிடித்தான்.

"காட்டுப் பன்னியப் பாத்து ஓடாம, ஒரு பொண்ணு உயிரைக் காப்பாத்தித் தூக்கினு வந்த நம்ம துப்பாக்கிக்காரரு சகாதேவன் மாமாவுக்கு ஊர் சார்பா ஒரு மரியாதை!"

சாப்பிட உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரர்கள்கூடக் கை தட்டினார்கள். சகாதேவன் வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்கினார். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இழுத்து வந்து நிறுத்தினார்கள். தோளில் சால்வை விழுந்தது. ஜரிகைக் கரை கழுத்தில் உரசியது. காது மடல்வரை சூடேறி, தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். கும்பிடுகிறார் என்று நினைத்துப் போட்டோ எடுத்தார்கள். பச்சையம்மாள் பெண்கள் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் கை தட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் சால்வையை அவர் தோளிலிருந்து எடுத்து மடித்தாள்.

"நீ சுட்டதைக்கூட நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். பயிரு போனா யாருக்கும் வயிறு எரியும். இதை எதுக்கு வாங்கிக்கின?"

அன்றிலிருந்து டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். யாராவது எதிரே வந்து "மாமா" என்று கையெடுத்தால், செல்போனில் பேசுவது மாதிரி காதில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்புவார். பிரகாஷ் போன் செய்து, "அந்த வீடியோவை அழிச்சிட்டேன் மாமா, நீங்க பயப்படாதீங்க" என்றான். பயப்படுவது அதற்காக இல்லை என்று சொல்ல நினைத்து, சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

தமிழ்செல்வியை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, அவளுடைய மாடுகளைச் சகாதேவன்தான் பார்த்துக்கொண்டார். தண்ணீர் காட்டுவார், சாணி வாருவார், பால் கறந்து தன் வண்டியில் வைத்துச் செங்கம் ரோட்டுக் கடைகளுக்கு ஊற்றிவிட்டு வருவார். போகும்போதும் வரும்போதும் அவள் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லை. அவருக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

ஒரு நாள் காலை பால் கேனைக் கட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டாள்.

"மாமா, இப்படி வாங்க."

போனார். அவள் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

"அது மூணு காலுலதான் வந்துது," என்றாள்.

அவர் கையில் கேன் கயிறு இருந்தது. அதைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றார்.

"பின்னங்காலு ஒண்ணு தொங்கினு இருந்துது. இழுத்துகினு வந்துது. ஈ மொய்ச்சிகினு, சீழ் நாத்தம். என்மேல விழுந்தப்போ வலிக்கு முன்னாடி அந்த நாத்தம்தான் தெரிஞ்சுது. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி உங்க கொல்லில வெடிச்சது எனக்கும் கேட்டுது மாமா. அலறனதும் கேட்டுது."

"தமிழு..."

"ஆஸ்பத்திரிக்குப் போவும்போதே தெரியும் எனக்கு. உங்க மூஞ்சியப் பாத்துகினே வந்தேன். இப்ப சொல்லுவாரு, இப்ப சொல்லுவாருன்னு. ஒவ்வொரு நாளும் எளநியும் கையுமா வந்து நின்னீங்க. அப்பவும் சொல்லல. சால்வ போட்டாங்களாம். அப்பவும் சொல்லல."

"நீ ஏம்மா அன்பரசன் சாராண்ட சொல்லல?"

"உங்களை உள்ள தள்ளிட்டா என் காலு வந்துடுமா? மாட்டை யாரு பாப்பா? எனக்கு ஆளு வேணும், பேசாம இருந்தேன்." அவள் குரல் உயரவே இல்லை. அதனால்தான் அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

அவர் கீழே உட்கார்ந்தார். கை அவள் பாதத்தின் பக்கம் போனது.

"தொடாதீங்க," என்றாள். "மன்னிப்புலாம் இப்ப கேக்காதீங்க. நான் இன்னும் மன்னிக்கற எடத்துக்கு வர்ல. அந்தப் பன்னி இன்னும் பொதருலதான் கெடக்குது. நேத்து ஆடு ஓட்டினு போன பொம்பளைங்க உறுமல் கேட்டுச்சின்னு ஓடி வந்திருக்காங்க. இன்னொருத்தி காலு போறதுக்குள்ள அத்த முடிங்க. அது உங்க வேல."

சகாதேவன் பாலை ஊற்றிவிட்டு வந்தார். பச்சையம்மாளிடம் எங்கே போகிறேன் என்று சொன்னார். அவள் ஒன்றும் தடுக்கவில்லை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, மிஞ்சியிருந்த தோட்டாக்களைப் போட்டுக்கொண்டு, அந்தக் காலை வெயிலிலேயே உண்ணிப் புதருக்குள் நுழைந்தார்.

உள்ளே நிமிர்ந்து நடக்க முடியாது. பன்றிகள் போய்ப் போய் உண்டான பொந்து மாதிரி வழி. மண்டியிட்டுத்தான் போக வேண்டும். நீளத் துப்பாக்கியாக இருந்தால் கிளைக்குக் கிளை மாட்டும். இது மாட்டவில்லை. முள் கன்னத்தைக் கீறியது. தவழ்ந்து தவழ்ந்து போனார். பன்றி பாய்ந்தால் திரும்பக்கூட இடம் கிடையாது. அந்தப் பயம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது, ஆனால் அவரைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அதற்குப் பலம் இல்லை.

பார்ப்பதற்கு முன்னால் நாற்றம் வந்தது. தூர்ந்துபோன பழைய கிணற்று மேட்டை ஒட்டி ஈர மண்ணில் அது படுத்துக் கிடந்தது. முதலில் வேறு ஏதோ என்று நினைத்தார். அவ்வளவு சிறுத்திருந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பின்சப்பையில் கறுத்து அழுகிய ஓட்டை, அதற்குக் கீழே கால் ஒரு குச்சி போல வேறு திசையில் நீட்டிக்கொண்டிருந்தது. கொம்பனும் இல்லை, ஒன்றும் இல்லை. பெட்டை. வயிற்றோடு பால் காம்புகள் வற்றி ஒட்டிக் கிடந்தன. குட்டி போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்க வேண்டும். குட்டிகள் எங்கேயும் தென்படவில்லை. தமிழ்செல்வி புல் அறுக்க வந்தபோது ஒருவேளை இருந்திருக்கும்.

சுட்ட பிறகு அவர் போகாத நாளெல்லாம் அது இங்கேதான் கிடந்திருக்கிறது.

குழலை உயர்த்தி, காதுக்குப் பின்னால் குறி வைத்து விசையை இழுத்தார். டிக் என்றது. பழைய தோட்டா, வெடிக்கவில்லை. அந்தச் சின்னச் சத்தத்துக்குப் பன்றி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. முன்கால்களை ஊன்றி எழப் பார்த்தது. பின்பக்கம் வரவில்லை. பாய வேண்டிய மிருகம், மூக்கை மண்ணில் தேய்த்துக்கொண்டு மறுபடி படுத்துவிட்டது.

அவர் வளையத்தைத் தள்ளி இழுத்தார். சடக், சடக். போலீஸ் ஸ்டேஷனில் எல்லோரையும் சுற்றி நிற்க வைத்துக் காட்டிய அதே சத்தம். அவருக்கு உடம்பு கூசியது. இரண்டாவது தோட்டா வெடித்தது. பன்றி அசையாமல் போயிற்று.

அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, செல்போனை எடுத்து அன்பரசனைக் கூப்பிட்டார்.

"சார், சகாதேவன் பேசறேன். எங்க கொல்லிக்கு வரணும். பன்னியச் சுட்டுட்டேன். முன்னாடி சுட்டதும் நான்தான்."

அன்பரசன் இன்னும் இரண்டு பேரோடு வந்தார். புதருக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. வரப்பில் துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த சகாதேவன் எதிரே வந்து நின்றார்.

"நான் கேட்டப்பவே ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துது சார்."

"நீங்க சுட்ட மறுநாளே ஒரு போன் போட்டிருந்தா, கால்நடை டாக்டரைக் கூட்டினு வந்து அன்னிக்கே முடிச்சிருப்போம். அந்தப் பொண்ணு நல்ல காலோட நடந்திருக்கும். சுட்டதைவிட இதான் பெரியவரே என்னால தாங்க முடியல."

"ஆமா சார்," என்றார் சகாதேவன்.

வழக்குப் போட்டார்கள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்கள். சில நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் போய், லைசென்ஸை ரத்து செய்வதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவராகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கேஸ் இன்னும் நடக்கிறது.

ஊரார் காறித் துப்புவார்கள் என்று நினைத்திருந்தார். அப்படி நடக்கவில்லை. இளவரசன் வீட்டுக்கே வந்தான்.

"இன்னா மாமா நீங்க, யாருக்குத் தெரியப் போவுது? நீங்களா போயி மாட்டிக்கினீங்களே. ஊர்ல யாரும் உங்களைத் தப்பா பேசல மாமா. பன்னியச் சுடாம பின்ன கொஞ்சவா முடியும்?"

சகாதேவன் உள்ளே போய்ச் சால்வையை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார். அவன் வாங்க மறுத்தான். கடைசியில் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனான். மன்னித்துவிட்ட ஊருக்குள் நடமாடுவது, திட்டுகிற ஊருக்குள் நடமாடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது அவருக்கு. டீக்கடையில் ஒருவர் வழக்கம்போல ஜவ்வாது மலைக் கதையை எடுத்தபோது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அதெல்லாம் பொய்யிங்க. அந்த மலையில நான் எதையும் சாச்சதில்ல. சுட்டது ஒரு குட்டி போட்ட பெட்டைய, அதையும் பாதியில விட்டுட்டு ஓடியாந்தேன்" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எதிரே யாரும் எடுப்பதில்லை.

தமிழ்செல்வி வீட்டு வேலையை அவர் விடவில்லை. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் புருஷன் ஓசூரிலிருந்து வந்து இரண்டு நாள் சகாதேவனோடு ஒரு வார்த்தை பேசாமல், அவர் இருக்கும் இடத்தில் நிற்காமல் இருந்துவிட்டு, மறுபடி வேலைக்குப் போனான். அதுவும் நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது. காட்டோர வரப்புக்குப் புல் அறுக்க வேறு யாரும் போவதில்லை என்பதால் அங்கே புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. அவர் தினமும் காலையில் அங்கேதான் அறுத்து, அவள் மாடுகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார்.

கார்த்திகை தீபத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த ஒரு காலை. அவர் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குச்சி தட்டும் சத்தம் கேட்டது. தமிழ்செல்வி. ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் அரிவாள். அந்த விபத்துக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. வேர்த்து வழிய, பாதத்தை இழுத்து இழுத்து வரப்பின்மேல் வந்து நின்றாள். புதரையே பார்த்தாள்.

சகாதேவன் எழுந்து நின்றார். உதவப் போகலாமா, விலகிப் போகலாமா என்று தெரியவில்லை. அவள் மெல்ல உட்கார்ந்தாள். காலைக் கையால் தூக்கி ஒரு பக்கமாக வைத்துக்கொண்டாள்.

"நீங்க அந்தப் பக்கம் அறுங்க மாமா. இந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன்."

அவர் அந்தப் பக்கம் போனார். இரண்டு பேரும் அறுத்தார்கள். காற்றில் புதர் அசைந்தபோதெல்லாம் அவள் கை நின்றது. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது தெரிந்தது, தெரியாத மாதிரி குனிந்தே இருந்தார். முடிந்ததும் இரண்டு புல்லுக்கட்டையும் சேர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் அவள் கால் மண்ணில் இழுபடும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தம் பின்தங்காத அளவுக்கு, மெல்ல மெல்ல, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.